கம்ப்யூட்டர் நெய்த முந்தானை

போட்டோ ஸ்டுடியோ தொழிலில் இப்போது போட்டோ எடுக்கிற வேலை குறைந்து, எடுத்த போட்டோவில் இல்லாததைச் சேர்க்கிற வேலை கூடிவிட்டது. பெரிய காஞ்சிபுரத்தில் எனக்கும் என் தம்பி டேனியலுக்கும் சேர்ந்து ஒரு கடை. அவன் கேமரா, நான் கம்ப்யூட்டர். படத்தில் வெட்டுப்பட்டுப் போனதை ஏஐ தானே வரைந்து கொடுத்துவிடும் என்ற செய்தி ஊருக்குள் பரவியதிலிருந்து என் நாற்காலிக்கு ஓய்வே இல்லை. இதே வேலையில் மாட்டிக்கொண்டிருப்பவர்கள் படித்துவிட்டுத் தலையாட்டுவீர்கள் என்று தெரியும். எனக்கு இந்த வேலை பிடிக்கும், அதனால் புலம்பல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே வாரத்தில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

தறியில் பாதி

பிள்ளையார்பாளையத்திலிருந்து தேவகி அக்கா வந்தார். அவரும் வீட்டுக்காரர் முனுசாமி அண்ணனும் இத்தனை காலமும் ஜவுளிக்கடை கொடுக்கும் பட்டையும் ஜரிகையையும் வைத்து நெய்து, அந்தக் கடைக்கே கொடுத்து வந்தவர்கள். இந்த முறை அக்கா சொந்தமாகப் பட்டு வாங்கி, தறியில் சொந்தமாகப் பாவு நூல் ஏற்றி, தானே போனில் படம் அனுப்பி விற்பது என்று இறங்கிவிட்டார். அண்ணனுக்கு இதில் அரை மனசுதான். இந்த ஒரு புடவை நல்லபடியாகக் கைமாறினால் அடுத்த பாவும் சொந்தப் பாவு. இல்லையென்றால் பழையபடி கடை வாசல். அக்கா அதை என்னிடம் மறைக்கவில்லை.

அவர் போனில் இருந்தது, தறியிலேயே வைத்து எடுத்த படம். நெய்த பாகமெல்லாம் உருளையில் சுருண்டு கிடக்க, கண்ணுக்குத் தெரிந்தது ஒரு முழம் அரக்குச் சிவப்பும் பச்சைக் கரையும்தான். முந்தானை இன்னும் நெய்யவே இல்லை. "தறி, நூலு எல்லாம் தெரிய வேணாம், விரிச்சு வெச்ச மாதிரி பண்ணிக் குடு" என்றார். நான் ஏஐயிடம் அப்படியே சொன்னேன். அது புடவையை முழுதாக விரித்து, போனால் போகிறது என்று ஒரு முந்தானையும் போட்டது. தங்க மயில்கள் வரிசை வரிசையாக நின்றன. நானும் அக்காவும் வாயைப் பிளந்து பார்த்தோம். 'இது நெய்யப் போகிற முந்தானை இல்லையே' என்று எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. அழகு அப்படி. அங்கேயே நின்று, விசாரித்திருந்த திண்டுக்கல் அம்மா ஒருவருக்கு அனுப்பிவிட்டு அக்கா சொன்னார்:

"எங்க வூட்டுப் புடவைதானா இதுன்னு எனக்கே சந்தேகமா இருக்குது ஸ்டெல்லா."

கரை

மறுநாள் ஒரு கட்சிக்காரர். தலைவர் பிறந்தநாளுக்கு ஆள் உயரப் பேனர் வேண்டும். கொண்டு வந்த தன் படமோ மார்போடு நின்றுவிட்டது. "கீழே நீயே போட்டுக்கம்மா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். ஏஐ அவருக்கு இறுக்கமான ஜீன்ஸ் பேன்ட்டும் வெள்ளை ஷூவும் மாட்டியது. மேலே அறுபது வயது, கீழே கல்லூரி. டேனியல் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

வேட்டி கட்டு என்றேன், கட்டியது. அருமையான வெள்ளை வேட்டி, மடிப்புக்கூடக் கலையவில்லை. நிம்மதியாக அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். மனிதர் முகத்தைப் பார்க்கவில்லை, பேனரில் தன் பெயரைப் பார்க்கவில்லை, நேராக வேட்டியின் கரையைப் பார்த்தார். அது எதிர்க்கட்சிக்காரர்கள் கட்டுகிற கரை. டீ குடித்த தெம்பெல்லாம் அவருக்கு இறங்கிப் போயிற்று. நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு, தணிந்த குரலில் சொன்னார்:

"இதோட நான் ரோட்டுல நின்னா, கட்சி மாறிட்டேன்னு பேசிக்கினு இருப்பாங்க. காலே இல்லாட்டியும் பரவால்ல, கரையை மாத்தும்மா."

மயில் பார்த்த படலம்

மூன்றாம் நாள் தேவகி அக்கா ஓடி வந்தார். திண்டுக்கல் அம்மாவுக்குப் புடவை பிடித்துவிட்டதாம். மகள் கல்யாணத்துக்கு இதுதான் என்று முடிவு செய்துவிட்டார்களாம். சந்தோஷமான செய்திதானே, இவர் முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று பார்த்தால், அந்த அம்மா எழுதியிருந்த கடைசி வரி: 'அந்த மயில் முந்தானைக்காகத்தான் எடுக்கிறோம்.'

அக்காவுடன் அவர் வீட்டுக்குப் போனேன். முனுசாமி அண்ணன் தறியில் இருந்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் போனை வாங்கி, படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு மயிலாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். தறிக்கு மேலே தொங்கும் துளை போட்ட அட்டைகள்தான் டிசைனைச் சொல்பவை. ஒரு மயிலுக்கு உள்ள அட்டைகளே சுற்றிச் சுற்றி வந்து வரிசை மயில்கள் அத்தனையையும் நெய்துவிடும். அதற்கு எல்லா மயிலும் ஒரே மயிலாக இருக்க வேண்டும். இந்த ஊரில் பிறந்த எனக்கு இது தெரியாததல்ல. ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் ஊர் மறந்துவிடுகிறது. அண்ணன் அந்த முந்தானையில் ஒன்றுபோல் இருக்கிற இரண்டு மயிலைத் தேடிக்கொண்டே இருந்தார். ஒன்றுக்குக் கொண்டை இல்லை, ஒன்றின் தோகை அடுத்ததன் கழுத்திலிருந்து புறப்பட்டது. கடைசியில் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"அட்டை குத்திடலாம்மா, அதுக்கின்னா. இதுல எதை மயிலுன்னு குத்தறதுன்னு மட்டும் நீ சொல்லிடு."

கோபுரத்துக்கு வழி

இந்தக் கவலையோடு கடைக்கு வந்தால் ஆட்டோக்காரர் ஒருவர் காத்திருந்தார். புது ஆட்டோவின் பின்னால் ஒட்ட, தானே எடுத்த கோயில் கோபுரப் படத்தை ஸ்டிக்கராக்க வேண்டும். தெருவில் நின்று எடுத்ததால் கோபுரத்தின் மேல்பாகம் வெட்டுப்பட்டிருந்தது. எனக்கு அன்று மனசு சரியில்லை, டேனியலை மேலே நீட்டிக் கொடுக்கச் சொன்னேன். கேமராக்காரனுக்கு ஏஐ கிடைத்தால் கேட்கவா வேண்டும்? கோபுரம் வளர்ந்துகொண்டே போய், உச்சியில் கலசங்கள் இருக்க வேண்டிய இடத்தில் அரண்மனைக் குவிமாடம் ஒன்று வந்து உட்கார்ந்தது. பின்னால் பனிமலை வேறு.

டேனியல் பெருமையாகத் திரையைத் திருப்பினான். ஆட்டோக்காரர் கோபிக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. சவாரிக்காரர் இடத்தைச் சொன்னதும் மனசுக்குள் வழி போட்டுப் பார்ப்பாரே, அப்படிச் சற்று நேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குதுபா. ஆனா இதைப் பாத்துட்டு யாராவது ஏறி, இங்க போன்னு சொன்னா, நான் எங்க கொண்டு போய் இறக்கி வுடுவேன்?"

ஸ்பீக்கரில் திண்டுக்கல்

ஆட்டோக்காரர் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. தேவகி அக்காவை வரச் சொன்னேன். தவறு என் கடையில் நடந்தது, நானே அந்த அம்மாவிடம் பேசிவிடுகிறேன் என்றேன். டேனியல் சுலபமாக ஒரு வழி சொன்னான்: மயில் முந்தானை விற்றுப் போச்சு, வேறு இருக்கிறது என்று சொல்லிவிடுவது. அக்கா அதைக் கேட்டு மாட்டேன் என்றார். "வித்துப் போச்சுன்னா எங்க வித்துச்சு, யாருக்கு வித்துச்சுன்னு அடுத்தடுத்து நான் பொய் தேடிக்கினு இருக்கணும். மொத வியாபாரமே இப்படி வேணாம்பா" என்று சொல்லிவிட்டு, தானே எண்ணைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

எல்லாவற்றையும் சொன்னார். படம் கம்ப்யூட்டர் செய்தது, முந்தானை இன்னும் தறிக்கே வரவில்லை, தங்களிடம் இருப்பது அன்னப்பட்சி அட்டை, அதுதான் வரும், வேண்டாம் என்றால் வருத்தமில்லை. கடைசியாகச் சொன்னது மட்டும் பொய். அவர் கை என் மேஜை விளிம்பைப் பிடித்திருந்த பிடியே சொன்னது. அந்தப் பக்கம் யாரோ யாரிடமோ பேசுகிற சத்தம், நடுவே ஒரு பெண்ணின் குரல்.

"அப்ப முந்தானை இன்னும் நெய்யவே இல்லையா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"இல்லம்மா. இனிமேதான்."

"கடையில எல்லாத்தையும் மடிச்சு அடுக்கி வச்சிருக்காங்க, யாருக்கோ நெய்ததை நாங்க எடுத்துட்டு வரணும். எங்க பொண்ணுக்குன்னு நீங்க இனிமே நெய்வீங்கன்னா, அன்னமே வரட்டும்."

போனை வைத்ததும் அக்கா அழுதார். நானும்தான். டேனியல் கேமரா லென்ஸைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டான்.

கட்டை விரல்

அந்த அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். முந்தானை வளர வளரப் படம் அனுப்ப வேண்டும். அக்கா போனில் எடுத்து அனுப்பத் தொடங்கினார். வெளிச்சம் போதாது, பாதிப் படத்தில் முனுசாமி அண்ணனின் முழங்கை, மீதிப் படங்களின் மூலையில் அக்காவின் கட்டை விரல். நடுவே மட்டும் அன்னங்கள் ஒன்றுபோல் வரிசையாக ஏறி வந்தன. அண்ணன் அடுத்த பாவுக்கு நிறம் பேச ஆரம்பித்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

எனக்குத்தான் கை சும்மா இருக்கவில்லை. அந்த விரலையாவது எடுத்துவிட்டுத் தருகிறேன், ஒரு நொடி வேலை என்று அக்காவைக் கேட்டேன். அவர் போனைப் புடவை மடிப்புக்குள் செருகிக்கொண்டார்.

"நீ கை வெக்காத ஸ்டெல்லா. வெரலு இருந்தாதான் அந்தம்மாவுக்கு நம்பிக்கையா இருக்குதாம்."

இத்தனை படங்களுக்கு இல்லாததையெல்லாம் சேர்த்துக் கொடுத்ததில், என் பெயரைக் காப்பாற்றியது நான் எடுக்காமல் விட்ட அந்தக் கட்டை விரல்தான், அதற்கு மட்டும் யாரிடமும் கூலி கேட்க முடியாது.