நடுவில் விட்டுப்போன சைபர்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. மத்தியானம் ஒன்றரை மணி. சேலத்தை ஒட்டி நான் குடியிருக்கும் கொண்டப்பநாயக்கன்பட்டி மலையடிவாரத்தில் இருக்கிறது, அதனால் குளுகுளுவென்று இருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். மே மாதத்தில் வந்து பாருங்கள்!

சாப்பிட்டு முடித்து ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தேன். போன் அடித்தது. தம்பி செந்தில்.

"அக்கா, சீக்கிரம் கம்ப்யூட்டரைத் தொற."

சாப்பிட்டாயா, தூங்கினாயா, ஒன்றும் இல்லை. எங்கள் குடும்பத்தில் எனக்கு வரும் போன்கள் எல்லாமே இப்படித்தான். பதினெட்டு வருஷம் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் எடுத்தேன். அதற்கான தண்டனையை இன்னும் அனுபவிக்கிறேன். பிரின்டரில் பேப்பர் சிக்கினால் நான். பாஸ்வேர்டு மறந்தால் நான். சித்தப்பா வீட்டு டிவியில் சத்தம் வரவில்லை என்றால்... அதற்கும் நான்!

எரிச்சலோடுதான் "என்னடா இப்ப?" என்றேன்.

"ரெண்டாம் ஷெட்டுல எட்டு ஃபேன் நின்னுபோச்சுக்கா. நாலுதான் ஓடுது."

எரிச்சல் போய்விட்டது. எழுந்து போய்க் கம்ப்யூட்டரைப் போட்டேன்.

ஜேடர்பாளையம் போகிற வழியில் செந்திலுக்கு முட்டைக்கோழிப் பண்ணை. ரெண்டாம் ஷெட் முழுக்க மூடியது. ஒரு பக்கம் தண்ணீர் சொட்டும் திரை, மறுபக்கம் பன்னிரண்டு ராட்சத ஃபேன்கள். அவை உள்சூட்டை வெளியே இழுத்துக்கொண்டே இருந்தால்தான் கோழிக்கு உயிர். கோழிக்கு வியர்க்காது, தெரியுமா? சூடு தாங்காவிட்டால் வாயைப் பிளந்து இரைக்கும். அப்புறம் படுக்கும். அப்புறம் எழுந்திருக்காது. மே மாத மத்தியானத்தில் இதற்கெல்லாம் அரை மணி நேரம் போதும்.

"மேனுவல்ல போட்டுப் பாத்தியா?"

"எடுக்கலக்கா. பேனல் லாக் ஆயிருச்சு. எலக்ட்ரீஷியன் பரமத்தியில இருந்து வந்துட்டு இருக்காரு. என்ன கோளாறுன்னு தெரியாம டைரக்டா கரண்டு குடுத்தா மோட்டர் எரிஞ்சுரும்கறாரு. பக்கத்துப் படுதாவெல்லாம் எறக்கித் தொறந்து உட்டுட்டோம். காத்தே இல்லக்கா..."

ஃபேன்களை ஓட்டும் கண்ட்ரோல் பேனலில் என்ன கோளாறு என்று காட்டும் டிஸ்ப்ளே போன வருஷமே போய்விட்டது. இவன் மாற்றவில்லை. (ஏன் மாற்றவில்லை என்று கேட்க அது நேரமில்லை. பிறகு கேட்டேன். நிறையக் கேட்டேன்.) டிஸ்ப்ளேவுக்குக் கீழே பதினாறு சின்ன விளக்குகள். எது எரிகிறது, எது எரியவில்லை என்பதை வைத்து நாலு எழுத்தில் ஒரு கோடு (code) கண்டுபிடிக்க வேண்டும். ஹெக்ஸ் கோடு, அதாவது சைபர் முதல் ஒன்பது வரை எண்ணிவிட்டு அப்புறம் A முதல் F வரை போகும் கணக்கு. கம்பெனியின் சர்வீஸ்காரர் எங்கோ பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார். கோடு என்னவென்று சொன்னால் தன் கையிலிருக்கும் அட்டவணையைப் பார்த்துக் கோளாறைச் சொல்லிவிடுவாராம்.

"நான் அவர லைன்ல வெச்சிருக்கேன். கவிதா லைட்டப் படிப்பா. நீ போட்டுச் சொல்லுக்கா!"

கவிதா, செந்திலின் மனைவி. அவள் போனிலிருந்து அழைத்தாள்.

"நங்கையா, சொல்லட்டுங்களா?" கணவனின் அக்காவை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"எரியறது ஒண்ணு. எரியாதது சைபர். லைட்ட மட்டும் வரிசையாச் சொல்லு சாமி, மீதிய நான் பாத்துக்கறேன்."

அவள் சொல்லச் சொல்ல ஸ்ப்ரெட்ஷீட்டில் அடித்தேன். 1010001100000110. அவள் குரலுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. ஆயிரக்கணக்கான கோழிகள் ஒரே நேரத்தில் இரைக்கும் சத்தம். காய்ந்த ஓலையை யாரோ நிறுத்தாமல் தேய்ப்பது போல.

ஒன்றும் சைபருமாக எழுதும் இந்தப் பைனரியை ஹெக்ஸாக மாற்ற ஸ்ப்ரெட்ஷீட்டில் ஃபார்முலா இருக்கிறது. எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்! போட்டேன்.

எர்ரர்.

மறுபடி போட்டேன். மறுபடி எர்ரர். பதினாறு இலக்கத்தை அது ஏதோ கோடியென்று எடுத்துக்கொண்டு சுருக்கி வேறு காட்டியது. அப்புறம்தான் ஞாபகம் வந்தது, இந்த ஃபார்முலா பத்து இலக்கத்துக்கு மேல் ஏற்காது. உலகத்தில் இத்தனை மெஷின்கள் எட்டும் பதினாறுமாகப் பேசிக்கொண்டிருக்க, பத்து என்று முடிவு செய்த புண்ணியவான் யார்?

சரி, முதல் பத்தைப் போடுவோம். போட்டேன். வரிசையாக ஏழு F, பின்னால் E8C. இது என்ன கொடுமை? பத்து இலக்கம் கொடுத்தால் முதல் ஒன்றை அது மைனஸ் என்று எடுத்துக்கொள்ளும். என் தம்பியின் பேனல் விளக்குகள் மைனஸ் முந்நூற்று எழுபத்திரண்டாம்!

"நங்கையா, வந்துருச்சுங்களா?"

"இரு சாமி, இரு..."

பதினாறை எட்டு, எட்டாக வெட்டினேன். முதல் எட்டுக்கு A3 வந்தது. அடுத்த எட்டுக்கு 6. அப்பாடா! ஒட்டினேன். A36.

கவிதா கத்திச் சொல்ல, செந்தில் சர்வீஸ்காரரிடம் சொல்ல, அவர் பதில் ஸ்பீக்கரில் எனக்கே கேட்டது.

"மூணு எழுத்துதான் வருதுங்களா? நாலு வரணுமே. முன்னாடி ஒரு சைபர் இருந்திருக்கும். பூஜ்யம் ஏ மூணு ஆறு... மோட்டர் ஓவர்லோடுங்க. எதோ ஒரு மோட்டர் ஜாம் ஆயிருக்குது. ஒவ்வொண்ணாக் கழட்டிப் பாத்துருங்க."

ஒவ்வொன்றாக. எட்டு மோட்டர். செந்தில் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடும் சத்தம் கேட்டது. நான் நாற்காலியில் சாய்ந்தேன். என் வேலை முடிந்தது என்று ஒரு நிம்மதி. வெட்கத்தோடு சொல்கிறேன், கொஞ்சம் பெருமையும்கூட இருந்தது.

கால் மணி நேரம். முதல் மோட்டரில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் ஒன்றுமில்லை. கவிதா லைனில்தான் இருந்தாள். ஏதோ கிறுக்குகிற சத்தம் மட்டும் கேட்டது. திடீரென்று,

"நங்கையா, ஒண்ணு கேக்கலாங்களா?"

"சொல்லு."

"மொத லைட்டு எரியுதுங்களே. அப்ப முன்னாடி சைபர் எப்படிங்க வரும்?"

எனக்குச் சுரீரென்றது.

"முட்டை அட்டையில எழுதி நாலு நாலாப் பிரிச்சுப் பாத்தேனுங்க. மொத நாலுக்கு ஏ. அடுத்த நாலுக்கு மூணு. அதுக்கடுத்த நாலு லைட்டும் எரியவே இல்லீங்க. அப்ப அங்க ஒரு சைபர் வரணுமில்லீங்களா? கடைசில ஆறு. ஏ மூணு சைபர் ஆறுங்க. நடுவுல ஒரு சைபர் உட்டுப்போச்சுங்க நங்கையா."

உண்மைதான். இரண்டாவது எட்டுக்கு 06 என்று வர வேண்டும். ஸ்ப்ரெட்ஷீட்டோ, முன்னால் வரும் சைபருக்கு மதிப்பில்லை என்று அதைத் தின்றுவிட்டு 6 என்று மட்டும் காட்டிவிட்டது. எத்தனை இலக்கம் வேண்டும் என்று அந்த ஃபார்முலாவிலேயே சொல்ல இடமிருக்கிறது. இரண்டு என்று ஒரு எண் போட்டிருந்தால் போதும். பதினெட்டு வருஷம் போர்டில் எழுதிப்போட்டது! அன்று ஞாபகமே வரவில்லை.

"சொல்லு! உடனே செந்தில்கிட்டச் சொல்லு!"

சர்வீஸ்காரர் அட்டவணையைப் பார்த்தார். டெம்பரேச்சர் சென்சார் ஒயர் அறுந்திருக்கிறது. மோட்டர்களுக்கு ஒன்றுமே இல்லை! ஷெட்டுக்குள் எவ்வளவு சூடு என்று தெரியாததால் பேனல் நாலு ஃபேனை மட்டும் ஓடவிட்டுத் தன்னைத்தானே லாக் செய்துகொண்டதாம். சூடு தெரியாவிட்டால் ஃபேனை நிறுத்துவதா? இதை யோசித்தவரை ஒரு மே மாத மத்தியானம் அந்த ஷெட்டுக்குள் உட்கார வைக்க வேண்டும்.

ஒயரை எலி கடித்திருந்தது. கவிதாவே கூண்டு வரிசைக்குள் புகுந்து கண்டுபிடித்தாள். செந்தில் முறுக்கிச் சேர்த்து டேப் சுற்றினான். ரீசெட். ஒவ்வொரு ஃபேனாக ஓட ஆரம்பிக்கும் சத்தம் போனில் கேட்டது. எட்டு வரைக்கும் எண்ணினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இறந்த கோழிகள் அறுபத்து மூன்று.

"ஷெட்டே போயிருக்கும்க்கா. தப்பிச்சோம்" என்றான் செந்தில். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. அந்தக் கால் மணி நேரம் என்னுடையது. அறுபத்து மூன்றில் எத்தனை என் கணக்கில் வரும்?

"கம்ப்யூட்டரிலேயே இருக்கும் கால்குலேட்டரில் போட்டிருக்கலாமே மேடம்" என்று உங்களில் பாதிப்பேர் எழுதப்போகிறீர்கள். தெரியும். எனக்கும் சாயங்காலம் நாலு மணிக்குத் தெரிந்தது.

ராத்திரி மனசு கேட்காமல் கவிதாவுக்குப் போன் செய்தேன். குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிட்டு அப்போதுதான் குளித்திருந்தாள்.

"நீ இதெல்லாம் எங்க சாமி படிச்ச?"

"குமாரபாளையத்துல பிசிஏ படிச்சனுங்க. கல்யாணத்துக்கு முன்னாடி."

கல்யாணப் பத்திரிகையில் அவள் பெயருக்குப் பக்கத்தில் அச்சடித்திருந்தது. அந்தப் பத்திரிகைக்குப் ப்ரூஃப் பார்த்ததே நான்தான்! எழுத்துப்பிழை பார்த்தேனே தவிர...

"அப்புறம் ஏன் மொதல்லயே சொல்லல?"

ஈரத் துண்டை உதறும் சத்தம் கேட்டது.

"நீங்க லைட்ட மட்டுந்தான சொல்லச் சொன்னீங்க, நங்கையா."

அதில் குத்தல் இல்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். குத்தல் இருந்திருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

ஒவ்வொரு வீட்டிலும் ஒருவருக்கு 'இதில் எல்லாம் தெரிந்தவர்' என்று பட்டம் கட்டிவிடுகிறோம். வண்டி என்றால் இவர், ஆஸ்பத்திரி என்றால் அவர், கம்ப்யூட்டர் என்றால் சேலத்து அக்கா. பட்டம் வாங்கியவருக்குத் தெரியாது என்று சொல்லக் கூச்சம். பட்டம் வாங்காதவரை யாரும் கேட்பதே இல்லை. நாற்பது மைல் தள்ளி ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருப்பவளைக் கேட்கிறோம். பேனலுக்கு முன்னால் நிற்பவளிடம் விளக்கைப் படிக்கச் சொல்கிறோம். எரிச்சல் வருகிறதா? எனக்கு என்மேலேயே வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை பண்ணைக்குப் போயிருந்தேன். புது டிஸ்ப்ளே வந்துவிட்டது. பக்கத்தில் கவிதா தன் கையெழுத்தில் ஒரு அட்டவணை ஒட்டியிருக்கிறாள். எந்த நாலு விளக்குக்கு எந்த எழுத்து, எந்தக் கோடுக்கு என்ன கோளாறு, எல்லாம் தமிழில். சென்சார் ஒயரை இரும்புக் குழாய்க்குள் விடச் சொன்னதும் அவள்தானாம்.

கிளம்பும்போது செந்தில் குறைபட்டுக்கொண்டான். "இப்பல்லாம் அந்த சர்வீஸ்காரரு எனக்குப் போனே போடறதில்லக்கா. நேரா கவிதாவுக்குத்தான்."

நானும் இனி அப்படித்தான், தம்பி.