தோர்போரி நட்ட கல்

தோர்போரிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இது எங்கள் வட்டாரத்தில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். முப்பது வருடமாகக் கிராமத்துப் பேருந்தை ஓட்டுகிறாள். பின்னால் உட்கார்ந்த பள்ளிப் பிள்ளைகள் இருக்கை மேல் ஷூ காலை வைத்தால் நடுக்காட்டில் வண்டியை நிறுத்திவிட்டு, பின்னல் ஊசியை எடுத்துக் கம்பளி பின்ன ஆரம்பித்துவிடுவாள். கால் கீழே இறங்கும்வரை வண்டி நகராது. ஒருமுறை பாதிரியார் பயணம் முழுக்கக் கைபேசியில் கத்திப் பேசிக்கொண்டே வந்தார். "கடவுளுக்குக் காது நல்லாவே கேக்கும், மெதுவா பேசு" என்றாள்.

எங்கள் ஊரில் கோபப்படுவது என்றால் துணியில்லாமல் தெருவில் நிற்பதுபோல. பார்ப்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் காபி போடுவார்கள். ரொம்பக் கோபம் வந்தால் விறகு வெட்டுவார்கள். தோர்போரி மட்டும் வாயைத் திறந்துவிடுவாள். அவள் கணவன் ஏவர்ட் இதைத் தாங்க முடியாமல்தான் நகரத்துக்குப் போய் வேறொருத்தியோடு குடியேறினான். "அவ வாயே தொறக்க மாட்டாளாம். நல்ல பொருத்தம், இவனும் என்னிக்குக் காது குடுத்துக் கேட்டான்?" என்று பேருந்தில் ஏறிய எல்லோரிடமும் சொன்னாள் தோர்போரி. அதன்பிறகு வீட்டில் அவளும் மகன் சிக்ஸ்தனும் ஆடுகளும்தான்.

அவள் மேய்ச்சல் நிலத்தில், பாதையோரமாக, ஒரு நடுகல் நிற்கிறது. பாம்புபோல வளைந்த பட்டைக்குள் ரூன் என்ற பழங்கால எழுத்துகள். ஆயிரம் வருடத்துக்கு முன் யூரிட் என்ற ஒருத்தி நட்டது. 'யூரிட் இந்தக் கல்லை நட்டாள், தன் மகன் ஊல்வுக்காக. அவன் கிழக்கே மாண்டான்.' அவ்வளவுதான் வாசகம். நடுவில் சில நூறு வருடம் அந்தக் கல் தோர்போரியின் தானியக் கொட்டகைச் சுவரில் கட்டுமானக் கல்லாகக் கிடந்தது. படித்தவர்கள் யாரோ வந்து பார்த்துப் பதறி, பெயர்த்தெடுத்துப் பழையபடி பாதையோரம் நட்டார்கள். பெயர்த்த பொந்தைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். அடைத்தது சரியில்லை, மழைக்கு அந்தப் பக்கம் இன்னும் ஒழுகும்.

ஒவ்வொரு மே மாதமும் பல்கலைக்கழகத்திலிருந்து பேராசிரியர் ஹோல்கர் மாணவர்களோடு வருவார். பழைய நோர்டிக் எழுத்துகளில் அவர் பெரிய ஆள். கல் முன்னால் நின்று, "பாதையோரத்துல ஏன் நட்டாங்க தெரியுமா? போறவன் வர்றவன் நின்னு வாசிக்கணும். செத்தவன் பேரை யாராவது வாயால சொல்லணும்" என்பார். சொல்லி முடித்ததும் எல்லோரும் தோர்போரியின் சமையலறைக்குக் காபி குடிக்க வருவார்கள். அவளும் ஏலக்காய் ரொட்டி சுட்டு வைத்திருப்பாள். நீ, வா, போ என்றுதான் பேச்சு. இந்த நாட்டில் பேராசிரியரும் நீதான், ஆட்டுக்காரியும் நீதான். 'நீங்க' என்று ஒருவரைக் கூப்பிட்டால் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவதாக அர்த்தம்.

சிக்ஸ்தன் இருபத்தாறு வயதில் நார்வேயின் வடக்கு முனையில் மீன்பிடிப் படகில் வேலைக்குப் போகிறேன் என்றான். தோர்போரி சமையலறையில் நின்று கத்தினாள். பனிக்காலக் கடல் என்ன விளையாட்டா, ஆடுகளை யார் பார்ப்பது, அப்பன் புத்தி அப்படியே வந்திருக்கிறது, போகாதே, போகாதே. அவன் காபியை முடித்தான். கோப்பையைக் கழுவினான். துடைத்து அலமாரியில் வைத்துவிட்டுப் போனான். பிப்ரவரியில் படகு கவிழ்ந்தது. உடல் கிடைக்கவில்லை.

அந்தக் கோப்பையைத்தான் அவளால் பொறுக்கவே முடியவில்லை. "அழுக்கா விட்டுட்டுப் போயிருந்தா திட்டறதுக்காவது எனக்கு ஏதாவது மிச்சம் இருந்திருக்கும்" என்று ஒருமுறை பேருந்தை ஓட்டிக்கொண்டே சொன்னாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. வண்டியில் இருந்த நாங்கள் ஜன்னல் வழியாகக் காட்டைப் பார்த்தோம்.

பாதிரியார் கல்லறைத் தோட்டத்தில் பொது நினைவிடம் இருக்கிறது என்றார். பூ வைக்கலாம், மெழுகுவர்த்தி ஏற்றலாம். பெயர் மட்டும் யாருக்கும் எழுதுவதில்லை.

"பேர் இல்லாத எடத்துல நான் யாரைப் போய்க் கூப்பிடறது?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள்.

வந்தவள் நேராக யூரிட் கல்லின் முன்னால் போய் நின்றாள். பிறந்ததிலிருந்து பார்த்த கல். அன்றைக்குத்தான் அது தன்னைப் போன்ற ஒருத்தி செய்த வேலை என்று அவளுக்கு உறைத்தது. தானும் ஒரு கல் நடுவது, அதன் பக்கத்திலேயே, அதே எழுத்தில், என்று முடிவு கட்டினாள். அவள் வயலில் பனி உருகும்போதெல்லாம் பாறை மேலே வரும். அப்படி வந்த ஒரு பலகைக்கல்லை டிராக்டரில் இழுத்து வந்தாள். முறைப்படி மாவட்ட அலுவலகத்துக்கு விண்ணப்பம் போட்டாள். அவர்கள் பேராசிரியர் ஹோல்கரிடம் கருத்துக் கேட்டார்கள். வேண்டாம் என்று ஹோல்கர் எழுதிக் கொடுத்தார். நான் இதைச் சொல்லும்போது எனக்கே வயிறு எரிகிறது.

அலுவலகத்துப் பெண் ஒருத்தியும் ஹோல்கரும் சேர்ந்து வந்து சமையலறையில் உட்கார்ந்தார்கள்.

"உன் துக்கம் எங்களுக்குப் புரியுது, தோர்போரி" என்று அந்தப் பெண் ஆரம்பித்தாள்.

"துக்கத்தை விடு. கல்லைப் பத்திச் சொல்லு."

"பழைய கல்லைச் சுத்தி இருக்கற எடம் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. அங்க புதுசா எதையும் நடக்கூடாது."

"பழசை யாரு நட்டா?"

"யூரிட்" என்றார் ஹோல்கர்.

"யாரைக் கேட்டு நட்டா?"

ஹோல்கர் தொண்டையைச் செருமினார். "அது ஆயிரம் வருஷத்துக்கு முந்தி, தோர்போரி."

"அவளுக்கும் புள்ள போச்சு, எனக்கும் புள்ள போச்சு. நான் லேட்டா பொறந்தது என் தப்பா?"

"வேற எடத்துல வெக்கலாமே. காட்டுப் பக்கமா, உள்ள தள்ளி..." என்று இழுத்தார் ஹோல்கர்.

"பாதையோரத்துல வெச்சாதான் போறவன் வர்றவன் வாசிப்பான்னு வருஷா வருஷம் பசங்களுக்குச் சொல்றது யாரு? நானா?"

ஹோல்கர் ஜன்னலைப் பார்த்தார். "பின்னாடி ஆராய்ச்சி பண்ண வர்றவங்க எது பழசு, எது புதுசுன்னு குழம்பிடுவாங்கன்னுதான் எழுதினேன். தப்பா எடுத்துக்காத."

"குழம்பட்டும்! செத்துக் கெடக்கற யூரிட்டுக்கு உன் நெஞ்சு உருகுது. உசிரோட எதிர்ல உக்காந்திருக்கறவ கேட்டா சட்டம். அதானே?"

அன்றும் அவர்களுக்குக் காபி கிடைத்தது. ரொட்டி கிடைக்கவில்லை.

இதோடு விட்டிருந்தால் ஊர் அந்த விஷயத்தை மறந்திருக்கும். விடவில்லை. ஆகஸ்டில் அதே மேய்ச்சல் நிலத்தில், அதே நடுகல்லுக்குப் பத்தடி தள்ளி, ஒரு இரும்புக் கம்பம் முளைத்தது. உச்சியில் சூரிய மின்தகடு, நடுவில் கண்ணாடித் திரை. திந்திரா என்ற இளம் கவிஞர் செய்த டிஜிட்டல் கவிதையாம். உன் பெயரையும் உனக்கு வேண்டியவர் பெயரையும் தட்டினால் திரையில் பாம்பு வளையும், ரூன் எழுத்தில் ஒரு நடுகல் ஒளிரும், ஒரு குரல் அதை வாசிக்கும், பிறகு கரைந்து போகும். தற்காலிகமானது, ஆகவே அனுமதி உண்டு. ஊர் மரபுச் சங்கக் கூட்டத்தில் தலைவர் "சம்மதமா?" என்று கேட்டிருக்கிறார். எங்கள் வழக்கப்படி எல்லோரும் "ம்" என்றிருக்கிறார்கள். தலைவர் மேசையில் சுத்தியலைத் தட்டித் தீர்மானத்தை முடித்துவிட்டார். தோர்போரியின் நிலம் என்று ஒருவருக்கும் நினைவு வரவில்லையா என்றால், வந்தது. யாரும் சொல்லவில்லை. நானும் அந்த "ம்"மில் இருந்தவன்தான்.

திறப்பு விழாவுக்கு ஊரே வந்தது. பிளாஸ்கில் காபி, இலவங்கப்பட்டை ரொட்டி. தோர்போரி வரமாட்டாள் என்று நினைத்தோம். வந்தாள், பேருந்துச் சீருடையோடு. வரிசையில் நின்றாள். தன் முறை வந்ததும் ஒற்றை விரலால் தட்டினாள்.

திரையில் கல் ஒளிர்ந்தது. 'தோர்போரி இந்தக் கல்லை நட்டாள், சிக்ஸ்தனுக்காக' என்றது குரல். அவள் திரையைத் தொட்டாள். தொட்ட இடத்திலிருந்து எழுத்துகள் கரைய ஆரம்பித்தன. கரைந்து முடிவதற்குள் பின்னால் நின்ற மரக்கடை லாசே எட்டித் தட்டிவிட்டான். 'லாசே இந்தக் கல்லை நட்டான், தாசாவுக்காக' என்றது அதே குரல், அதே சோகத்தோடு. தாசா அவன் நாய். செத்துக்கூடப் போகவில்லை, அவன் காலடியில் ரொட்டி தின்றுகொண்டிருந்தது. நாலைந்து பேர் சிரித்தார்கள்.

தோர்போரி திரும்பினாள். லாசேயை விட்டுவிட்டாள். ஹோல்கரைப் பார்த்தாள்.

"நீங்க" என்றாள்.

கோப்பைகள் பாதி வழியில் நின்றன.

"நீங்க படிச்சவங்க. இது கலை. நாய்க்குக் கல் நட அனுமதி இருக்கு. எம்புள்ளைக்கு இல்ல. ஏன்னா நாயோட கல்லு அணைஞ்சிடும், என் கல்லு நிக்கும். நிக்கறதுதான் உங்களுக்குப் பயம். நிக்காத துக்கம்னா கை தட்டுவீங்க, நாலு பக்கம் கட்டுரை எழுதுவீங்க!"

திந்திராவின் கண் கலங்கிவிட்டது. "நான் அப்படி நெனச்சுப் பண்ணல..." என்றாள்.

"நீ சின்னப் பொண்ணு, அழாத. உன் பெட்டி மேல எனக்குக் கோபமில்ல. இந்த ஊர் மேலதான். ஒருத்தனாவது அன்னிக்கு 'வேணாம்'னு சொன்னீங்களா? வாயில என்ன, ரொட்டியா வெச்சிருந்தீங்க?"

கடைசியில் யாரோ, இன்றைக்கு மழை வராதுபோல் இருக்கிறது என்றார்கள். எங்களுக்குத் தெரிந்த வீரம் அவ்வளவுதான்.

அக்டோபரில் மழை வந்தது, கொட்டகைச் சுவர் ஒழுகியது. தோர்போரி ஏணி வைத்து ஏறிச் செங்கல்லைப் பிடுங்கினாள். யூரிட்டின் கல் இருந்த பொந்து வாயைத் திறந்துகொண்டு நின்றது. அதைப் பார்த்தபடி ஏணியிலேயே வெகுநேரம் நின்றாள். பிறகு இறங்கி, கல்லறைக் கற்கள் வெட்டும் அல்கோத்துக்குப் போன் போட்டாள். அந்தப் பொந்துக்குள் என்ன வைத்து அடைக்கிறாய் என்று எந்த அலுவலகமும் கேட்காது. கொட்டகை பாதுகாப்பு எல்லைக்கு வெளியே, அதே பாதையைப் பார்த்தபடி.

அல்கோத் கல்லை அளந்து, பட்டை வரைந்து, அவள் எழுதிக் கொடுத்த வாசகத்தைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"முதல் ரெண்டு வரி சரி. கடைசி வரி... இப்படி யாரும் வெட்டச் சொன்னதில்லையே. 'நீங்கா நினைவில்'னு போட்டுடலாமா?"

"நீ வெட்டு."

"சாயம்?"

"சிவப்பு. ரோட்டுலேர்ந்து தெரியணும்."

மே மாதம் ஹோல்கர் வந்தார். வராமல் இருந்திருக்கலாம், வந்தார், அந்த ஒன்றுக்காக அவரை மன்னிக்கலாம். மாணவர்களோடு மேய்ச்சல் நிலத்துக்குத் திரும்பும் இடத்தில் அப்படியே நின்றுவிட்டார். கொட்டகைச் சுவரின் பொந்தில் புதுக் கல் சிவப்பு எழுத்துகளோடு நின்றது. அதன்கீழே தோர்போரி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"சுவர் ஒழுகிச்சு. சரி பண்ணேன்" என்றாள்.

"தெரியுது."

"வாசி."

அவர் மாணவர்களைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். வகுப்பில் வாசிக்கும் குரலில்தான் தொடங்கினார். "தோர்போரி இந்தக் கல்லை நட்டாள், தன் மகன் சிக்ஸ்தனுக்காக. அவன் வடக்கே கடலில் மாண்டான்." அங்கே நிறுத்தினார். மீதியைக் கண்ணால் வாசித்தார்.

"இது விண்ணப்பத்துல இல்லையே" என்றார் மெதுவாக.

"ஆபீசுக்கு எழுதினது இல்ல இது. அவனுக்கு எழுதினது. சத்தமா வாசி."

ஹோல்கர் தொப்பியைக் கழற்றினார். அவர் குரல் இப்போது வகுப்புக் குரலாக இல்லை.

"போகாதே என்றாள். போனான். அவள் இன்னும் கோபமாக இருக்கிறாள்."

பாதையில் ஒரு கார் வேகம் குறைத்துப் போனது. தோர்போரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ரொட்டி ஆறுகிறது, எல்லோரும் உள்ளே வாருங்கள் என்றாள்.

எல்லோரும் குடித்தார்கள், தின்றார்கள். மாணவி ஒருத்தி எழுந்து, எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் செய்வதுபோலத் தன் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்க் குழாயைத் திறந்தாள்.

"வை கீழே!" என்று கத்தினாள் தோர்போரி. அந்தப் பெண் குழாயை மூடினாள். "யாரும் எதையும் கழுவக் கூடாது. அப்படியே போட்டுட்டுப் போங்க."