கருவாட்டுத் தாளில் வந்த பதில்

சபையாரே, என் ஜெபத்துக்குக் கிடைத்த பதில் கருவாட்டு நாற்றம் அடித்தது. அதை உங்கள் முன்னால் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஜப்பான்காரன் சண்டையில் நம் நாட்டைப் பிடித்த இரண்டாம் வருஷம். பாடாங் மேஹா பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் வேலை நின்றுபோயிருந்தது. சாப்பிட எப்போதும் மரவள்ளிக்கிழங்குதான். கூலிக்காரர்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த எங்கள் லயத்தில் வீட்டுக்கு வீடு சொறி, காய்ச்சல். பக்கத்து ஊரான கூலிமில் நான் படித்த ஆங்கிலப் பள்ளியில் சிப்பாய்கள் குடியிருந்தார்கள். வகுப்பறைச் சுவரிலேயே மூத்திரம் பெய்து வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்து வாந்தியெடுத்தேன்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர வேண்டும் என்பதே என் ஆசை. சண்டைக்கு முன் நான் கடைசியாக எழுதிய கட்டுரையை டீச்சரம்மா திருப்பிக் கொடுத்தார்.

"எல்லாம் புஸ்தகத்துல உள்ளது எஸ்தர். உன்னோடது ஒரு வரிகூட இல்லையே. காலேஜ்ல இது செல்லாதும்மா."

திருத்திக்கொள்ள இப்போது பள்ளியும் இல்லை, புத்தகமும் இல்லை. படித்ததும் மறந்துகொண்டே வந்தது. என் வாழ்க்கை இந்த லயத்திலேயே அழுகிவிடும் என்று பயந்தேன். ஆண்டவரே, ஒரே ஒரு புத்தகம் கொடும் என்று அழுது கேட்டேன்.

ஒருநாள் அம்மா கூலிம் பசார் சந்தையிலிருந்து கருவாடு வாங்கி வந்தார். சுற்றியிருந்த தாள் ஓர் ஆங்கிலப் புத்தகத்தின் பக்கம். எண்ணெய் ஊறி, செதில் ஒட்டி, எறும்பு மொய்த்துக் கிடந்தது.

"புஸ்தகம் கேட்டியே, குடுத்துட்டாரு லா," என்று அம்மா சிரித்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. இதையா கேட்டேன் ஆண்டவரே?

மூக்கைப் பொத்திக்கொண்டு படித்தேன். மலேரியாவைப் பற்றிய பக்கம். அதைப் பரப்பும் கொசுவின் புழு தண்ணீரின் மேல் மட்டமாகப் படுத்திருக்கும், மற்றக் கொசுப்புழுக்கள் தலைகீழாகத் தொங்கும் என்று இருந்தது. எந்தத் தண்ணீரில் அது வளரும் என்று சொல்ல வந்த இடத்தில் தாள் முடிந்துவிட்டது. கருவாட்டுக்கடை பாயிடம் ஓடினேன்.

"அடுத்த பக்கத்துல எத சுத்திக் குடுத்தேனோ, யாருக்கும்மா தெரியும்? இதான் கெடக்கு," என்று இன்னொரு தாளைத் தந்தார். அது வேறு புத்தகம், இன்னும் பழையது. சாக்கடை நாற்றத்தால்தான் காய்ச்சல் வருகிறது என்றது. எதை நம்புவது?

நானே பார்க்கப் போனேன். லயத்துப் பின்புறச் சாக்கடையில் செத்த எலி மிதந்தது. சிரட்டையால் மொண்டேன். புழுக்கள் எல்லாம் தலைகீழாகத் தொங்கின. பிறகு நாங்கள் ஆசையாகக் குளிக்கும் ஓடைக்குப் போனேன். வெயில் படும் தெளிந்த தண்ணீர். சண்டைக்கு முன் தோட்டத்தில் கொசு பெருகாமலிருக்க அதன் ஓரமெல்லாம் எண்ணெய் தெளிப்பார்கள், இப்போது யாரும் தெளிப்பதில்லை. அங்கே மொண்ட சிரட்டையில் புழுக்கள் மட்டமாகப் படுத்திருந்தன. அந்தத் தண்ணீரில் வாய் கொப்பளித்ததை நினைத்து உடம்பே கூசியது.

எழுதக் காகிதம் ஏது? மூடிக் கிடந்த ரப்பர் கொட்டகையின் சிமெண்டுத் தரையில் கரித்துண்டால் எழுதினேன். முதலில் தாளில் இருந்த வாக்கியங்களே வந்தன. கருவாட்டைவிட அவை எனக்கு அருவருப்பாக இருந்தன. காலால் தேய்த்து அழித்தேன். ஒரு தாள் இப்படிச் சொல்கிறது, இன்னொரு தாள் அப்படிச் சொல்கிறது, நான் போய்ப் பார்த்தேன், கண்டது இது என்று மறுபடி எழுதினேன். அங்கேயே முழங்காலில் நின்று ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். முழுப் புத்தகம் கிடைத்திருந்தால் அதையும் மனப்பாடம்தான் செய்திருப்பேன்.

ஜப்பான்காரன் போன பிறகு கல்லூரித் தேர்வு வைத்தார்கள். உங்கள் ஊரைப் பற்றி எழுதுங்கள் என்றார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் மலையையும் நெல்வயலையும் எழுதினார்கள். நான் எங்கள் ஓடையை எழுதினேன். இடம் கிடைத்தது.

இன்று நான் ஆசிரியை. என் மாணவிகள் பார்க்காததை எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். உங்களில் யாராவது எதற்காகவோ அழுது ஜெபித்துக்கொண்டிருந்தால், விடாமல் கேளுங்கள். நிச்சயம் கொடுப்பார். நாற்றமடிக்கிறது என்று மட்டும் அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.