டெய்லர் காலனிக்கு வழியும், நான் சொன்ன கதையும்

சேவூர்ப் பக்கம் மனை பார்க்கவோ சொந்தக்காரர் வீட்டுக்கோ போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த 2008 தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனது பெண் பார்க்கிற காரியமாக. பனியன் கம்பெனி டெய்லர் சேவியர் என் கூட்டாளி. அவன் மகள் ஜெனியைப் பார்க்க சாத்தான்குளம் பக்கமிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அழைத்து வரும் பொறுப்பு என்னுடையது. வேறு யாரிடம் கொடுப்பான்? காதர்பேட்டை பனியன் சந்தையில் கண்ணைக் கட்டி விட்டாலும் துணியைத் தொட்டே விலை சொல்கிற ஆள் நான்.

திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்டில் அவிநாசி பஸ் ஏறினோம். பதினான்கு கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். அங்கிருந்து சேவூர் டவுன் பஸ். கண்டக்டரிடம் டெய்லர் காலனி என்றால் வாசலிலேயே இறக்கிவிடுவார். ஆளுக்குப் பத்து ரூபாய்க்குள் முடியும்.

இறங்கினால் மூன்று தெரு, மாடி வீடுகள், ஒரு சர்ச், ஒரு முருகன் கோயில். இது எப்போது உண்டான ஊர் என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். சும்மா இருந்திருக்கலாம். எனக்கோ வாய் அரித்தது.

"மொதல்ல எட்டுக் குடும்பம் வந்தப்ப இது திருடனுங்க காடுங்க. போலீஸே உள்ள வராது. உங்க சம்பந்தி ஆகப்போறவருதான் அருவாளோட ராப்பூரா காவல் நின்னாரு. மூணு பேருக்குக் கை போச்சுங்க" என்று கையை வீசியும் காட்டினேன். சேவியருக்குப் பெருமை சேர்ப்பதாக நினைப்பு.

சேவியர் வீட்டில் போய் உட்கார்ந்ததும் ஜெனி காபி கொண்டுவந்தாள். அவளை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் சேவியரின் கையைத்தான் பார்த்தார்கள். அந்த அருவாள் வெட்டுக்குக் கேஸ் ஏதும் நடக்கிறதா என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டே விட்டார். கோழி அறுக்கவே பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிறவன் சேவியர். ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தான். தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குள் நழுவினேன்.

"பெரியப்பா, நம்ம ஊட்ல அந்த அருவா எங்கிருக்குதுன்னு சொல்லுங்க. வெங்காயமாவது நறுக்கறனுங்க" என்றாள் ஜெனி. கண் கலங்கியிருந்தது. வெங்காயம் ஒன்றும் அங்கே இல்லை.

திரும்பும் பஸ்ஸில் உள்ளதைச் சொன்னேன். கிணறு வற்றியதால் விற்ற சோளக்காடு அது. எட்டு டெய்லர்கள் ஓவர்டைம் காசில் ஆளுக்கொரு மனை வாங்கினார்கள். சேவூரிலிருந்து சைக்கிளில் குடம் கட்டித் தண்ணீர் கொண்டுவந்தார்கள். பிறகு தங்கை, மச்சான், மச்சானின் தம்பி என்று சொந்த ஊரிலிருந்து ஒவ்வொருவராக வந்துதான் தெருக்கள் உண்டாயின. சர்ச்சுக்கு அஸ்திவாரம் தோண்டியவர்கள் கோயிலுக்கும் கல் சுமந்தார்கள். சண்டை என்றால் குழாயடியில் மட்டும்தான்.

அந்த அம்மா முழுவதும் கேட்டார். "இப்பதான் பொய் சொல்லுதிய அண்ணாச்சி. சம்பந்தம் முறிஞ்சிரும்னு கதைய மாத்துதிய" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சம்பந்தம் முறிந்துதான் போனது. நீங்கள் போனால் ஊர்க்கதையை அங்கே குடியிருப்பவர்களிடம் கேளுங்கள். என்னைப் போல வழித்துணைக்கு வருகிறவர்களிடம் வேண்டாம்.

போன வாரம் சேவியர் போன் செய்தான்.

"வேற இடத்துல இருந்து பொண்ணு பாக்க வர்றாங்க அண்ணே. நீங்க வர வேண்டாம். வழிய மட்டும் எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தேன். இந்தக் கட்டுரையின் இரண்டாவது பத்திதான் அது. அதில் நான் எதையும் சேர்க்கவில்லை.