தொட்டிலில் போட்டால் அணைகிற விளக்கு

தென்காசியில் அந்தக் காலத்தில் மோட்டாருக்கு விளக்கு வேலை பார்க்கிறவர்கள் இரண்டே பேர். இரண்டு பேரில் வாய் அதிகம் ஒலி முகம்மதுவுக்கு. வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் மனிதர் முதலில் எதையும் திறந்து பார்க்க மாட்டார். டிரைவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, எங்கே போனீர்கள், யார் யார் ஏறினார்கள், மழையா வெயிலா, கூரைமேல் என்ன ஏற்றினீர்கள் என்று சம்பந்தி வீட்டு விசாரணை போல ஆரம்பித்துவிடுவார். ஊர்வம்பு கேட்பதற்கென்றே கடை வைத்திருக்கிறார் என்று அவர் மனைவி ஹாஜரா பீவியே சொல்லுவாள். அவருக்கு அதில் வருத்தமும் கிடையாது, வெட்கமும் கிடையாது.

கொழும்பில் ஒரு மோட்டார் பட்டறையில் இருந்து தொழில் படித்தவர். அங்கிருந்து ஒரு கொள்கையும் கொண்டுவந்தார். பியூஸ் எரிந்தால், எதனால் எரிந்தது என்று தெரியாமல் புதியது போட மாட்டார். இன்னொரு மெக்கானிக் மெல்லிய கம்பிக்குப் பதிலாகத் தடித்த கம்பியைச் சொருகி, "இனிமே எரியாது, போங்க" என்று அனுப்பிவிடுவார். அது எரியாது, வண்டிதான் எரியும். ராத்திரி குரைக்கிறது என்று நாயை அடித்துப் போட்டுவிட்டால் கள்ளன் போய்விடுவானா என்று ஒலி முகம்மது கேட்பார். அவசரக்காரர்கள் அந்த இன்னொருவரிடம்தான் போனார்கள். போனவர்களில் பாதிப் பேர் கருகின வயரோடு இவரிடம் திரும்பி வந்தார்கள்.

முப்பத்தேழாம் வருஷம் ஆனி மாதம், சுந்தரபாண்டியபுரத்துப் பண்ணையார் நயினார் ஆள் அனுப்பினார். பண்ணையார் ஒரு பழைய பஸ்ஸை வாங்கி, ஆசாரிகளை வைத்து அதை வீடாகவே கட்டியிருந்தார். உள்ளே இரண்டு கட்டில், பாத்திர அலமாரி, ஜன்னலுக்குத் திரை, கூரையில் மூன்று பல்பு. சாரல் காலத்தில் குற்றாலத்தில் வீடு கிடைக்காமல் அலைவானேன் என்று, வீட்டையே ஓட்டிக்கொண்டு வந்து ஐந்தருவிப் பாதையில் ஒரு மாந்தோப்புக்குள் நிறுத்திவிட்டார். பார்க்க வந்த கூட்டம் அருவியில் நின்ற கூட்டத்துக்குக் குறையாது.

வந்த அன்றிலிருந்து பியூஸ் போய்க்கொண்டே இருந்தது. டிரைவர் சுடலைக்கண்ணு மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தான். ஒரு முறை தடித்த கம்பியைப் போட, கூரையிலிருந்து ரப்பர் கருகுகிற நாற்றம் வந்து, பண்ணையாரின் மருமகள் உலகம்மாள் கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சாரலில் ஓடினாள். அதற்குப் பிறகுதான் ஒலி முகம்மதுவின் ஞாபகம் வந்தது.

அவர் வந்து சேர்ந்தபோது நடுப்பகல். ஆனாலும் சாரலும் தோப்பு நிழலுமாகச் சேர்ந்து, வண்டிக்குள் விளக்கில்லாமல் ஒன்றும் தெரியவில்லை. வழக்கம்போல வண்டியைத் தொடாமல், மாமரத்தடியில் குடைக்குள் சுடலைக்கண்ணுவை உட்கார வைத்து ஆரம்பித்தார். இஞ்சின் ஓடும்போது போகிறதா, நிற்கும்போதா? நிற்கும்போதுதான். மழை கனக்கும்போதா? அப்படிச் சொல்ல முடியாது. பின்னே எப்போது? சுடலைக்கண்ணு மென்று விழுங்கினான். வண்டிப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"பாப்பாவத் தொட்டில்ல போடுத நேரம்தான் அண்ணாச்சி. பெரியம்மா கண்டுபிடிச்சிட்டாவ. புள்ள ராசி அப்படியாம்."

மீதிக் கதையையும் ஒலி முகம்மது அவன் வாயிலிருந்து பிடுங்கிவிட்டார். பெரியம்மா என்பது பண்ணையாரின் அக்காள் பார்வதியம்மாள். பண்ணையாரின் மனைவி காலமான பிறகு வீட்டுச் சாவி அந்த அம்மாள் இடுப்பில்தான். பெண்பிள்ளை பிறந்த மாதமே பண்ணையில் காளை ஒன்று செத்தது. இப்போது, படுக்க வைத்தால் விளக்கு அணைகிறது. இருளைக் கொண்டுவந்த பிள்ளை என்று அந்த அம்மாளுக்குத் தீர்மானமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை தாயையும் பிள்ளையையும் புளியங்குடிக்குத் தாய்வீட்டுக்கு அனுப்புவது, திருப்பி அழைப்பதைப் பற்றிப் பிறகு யோசிப்பது என்று பேச்சு. பிள்ளையின் தகப்பன் அத்தைக்கு எதிரே வாய் திறக்காத உத்தமன். பண்ணையாரோ மோட்டாரைத் தவிர வேறு எதிலும் தலையிட மாட்டார்.

வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள், அல்லது பொம்பளைப் பேச்சு என்று தள்ளியிருப்பார்கள். ஒலி முகம்மது சிரிக்கவில்லை.

"அந்த அம்மா பாத்தது பொய்யில்லலே. பாத்ததுக்குச் சொன்ன காரணம்தான் பொய்" என்றார்.

இவ்வளவு ஒழுங்காகக் கவனித்துச் சொல்லுகிற ஆள் தமக்குக் கிடைப்பதே அபூர்வம் என்று அவருக்கு ஒரு மரியாதைகூட வந்தது. எழுந்துபோய் ஜன்னல் திரைக்கு வெளியே நின்று, உள்ளே இருந்த உலகம்மாளிடம் கேட்டார். பிள்ளையை மடியில் போட்டால் அணைகிறதா? இல்லை. கட்டிலில்? இல்லை. தொட்டிலில் மட்டும்தானா? தொட்டிலில் மட்டும்தான். வெறும் தொட்டிலை ஆட்டினால்? அணையாது.

பதில்கள் தடுமாறாமல் வந்தன. அத்தனையும் அவளுக்கு முன்பே தெரியும். அவளிடம் யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். அதை நினைத்தபோது ஒலி முகம்மதுவுக்கு நெஞ்சுக்குள் ஒரு கோபம் மூண்டது. அவருக்கும் கட்டிக்கொடுத்த மகள் ஒருத்தி இருந்தாள்.

பண்ணையாரிடம் அனுமதி கேட்டு வண்டிக்குள் ஏறினார். பார்வதியம்மாள் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். உலகம்மாள் பிள்ளையோடு ஒதுங்கி நின்றாள். கூரையில் ஒரு இரும்புக் கொக்கி, அதில் நூல் சேலையில் கட்டிய தொட்டில். ஒலி முகம்மது கூரை பல்புகள் மூன்றையும் கழற்றினார். டிரைவர் ஆசனத்தருகே பியூஸ் இருந்த இடத்தில் பியூஸ் போடாமல், இரண்டு வயர் வைத்த சோதனை பல்பு ஒன்றை மாட்டி, எல்லோருக்கும் தெரிகிற மாதிரித் தொங்கவிட்டார். சுவிட்சைப் போட்டார். பல்பு எரியவில்லை.

"இப்ப கரண்டு போறதுக்கு வழியில்ல, அதான் எரியல. திருட்டு வழி ஒண்ணு திறந்துச்சுன்னா இது எரியும். தாயி, பிள்ளையத் தொட்டில்ல போடுங்க."

உலகம்மாள் பெரியம்மாளைப் பார்த்தாள், பிறகு பிள்ளையைப் பார்த்தாள். மெல்லத் தொட்டிலில் கிடத்திக் கையை எடுத்தாள். பல்பு பளிச்சென்று எரிந்தது.

 பார்வதியம்மாளின் கையில் வெற்றிலை அப்படியே நின்றது. பிள்ளைதான் காரணம் என்பது நிரூபணமாகிவிட்டதென்று அந்த அம்மாள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. ஒலி முகம்மது விளக்கம் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் உலகம்மாள் முந்திக்கொண்டாள்.

அவள் பிள்ளையை எடுத்துத் தோளில் போட்டாள். பல்பு அணைந்தது. நேராகக் கட்டிலருகே போய், பெரியம்மாளின் பித்தளை வெற்றிலைச் செல்லத்தை, பாக்கும் பாக்குவெட்டியும் சுண்ணாம்புமாக இருந்த அந்தக் கனத்தை, ஒரு கையால் தூக்கிக்கொண்டு வந்து தொட்டிலில் வைத்தாள். பல்பு எரிந்தது, முன்போலவே.

"பெரியம்மா, இதையும் எங்கூடப் புளியங்குடிக்கு அனுப்பிருதியளா?"

குரல் உயரவில்லை. கண்ணில் மட்டும் தண்ணீர் திரண்டு நின்றது. பண்ணையார் வாசற்படியில் நின்றபடியே தலையைக் குனிந்துகொண்டார். ஒலி முகம்மது பல்பையும் செல்லத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இருபது வருஷம் பல்பைத் தூக்கிக்கொண்டு அலைந்தும் இப்படி ஒரு சோதனை தமக்குத் தோன்றவில்லையே என்று பிற்பாடு எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். தம்மைவிட ஒருவரை உயர்த்தி அவர் பேசிக் கேட்டது அந்த ஒரு விஷயத்தில்தான்.

பிறகு அவர் வேலையைப் பார்த்தார். கொக்கியை விரலால் தூக்கினால் பல்பு அணைந்தது, விட்டால் எரிந்தது. கூரைப் பலகைக்கு மேலே ஓடுகிற வயரைக் கொக்கியின் முனை உராய்ந்து தோலை உரித்திருந்தது. கொக்கி இறங்கி நின்றது இரும்புச் சட்டத்தில். தொட்டிலில் கனம் ஏறினால் கொக்கி சாய்ந்து உள்ளே இருக்கிற செம்புக் கம்பியைத் தொடும், கரண்டு சட்டத்தில் பாயும், பியூஸ் போகும். கனம் யாருடையது என்று வயருக்குத் தெரியாது. சுடலைக்கண்ணு வெறும் தொட்டிலை வைத்துக்கொண்டு தேடியதால் அகப்படவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

கொக்கியை யார் அடித்தது என்று பண்ணையார் கேட்டார். சுடலைக்கண்ணு தலையைச் சொறிந்தான். புறப்படுகிற அன்று காலையில் அவன்தான் அடித்தான். பிள்ளையைத் தொட்டிலில்லாமல் கட்டிலில் போட்டு உருட்டிக்கொண்டா போவது என்று அவனை அவசரப்படுத்திக் கொக்கியை அடிக்க வைத்தது பார்வதியம்மாள்.

அந்த அம்மாள் எழுந்தார். தொட்டிலிலிருந்து செல்லத்தை எடுத்துத் தரையில் வைத்தார். உலகம்மாளின் முன்னால் போய் இரண்டு கையையும் நீட்டினார். உலகம்மாள் சட்டென்று கொடுத்துவிடவில்லை. நீட்டின கை நீட்டினபடியே இருந்தது. கடைசியில் பிள்ளை கை மாறியது. பார்வதியம்மாள் அதைத் தாமே தொட்டிலில் கிடத்தினார். பல்பு எரிந்தது. பிள்ளை அதைப் பார்த்துக் காலை உதைத்தது, உதைக்கிற உதையில் வெளிச்சம் சிமிட்டியது.

ஒலி முகம்மது கொக்கியைக் கழற்ற ஏணியைக் கேட்டார்.

"சாயபு, இப்ப தொட வேண்டாம். கொஞ்ச நேரம் எரியட்டும்" என்றார் பார்வதியம்மாள்.

இஞ்சின் ஓடாமல் பல்பு எரிந்துகொண்டிருந்தால் பாட்டரி இறங்கிவிடும் என்று ஒலி முகம்மதுவுக்குத் தெரியும்.  சுடலைக்கண்ணுவைக் கூப்பிட்டு இஞ்சினை ஓட விடச் சொன்னார்.