மலையிலிருந்து போன சிபாரிசுக் கடிதம்

நான்கு ஆண்டுகளுக்கு முன்னால், ஒரு மார்கழி மாதம். கொல்லிமலையில் செம்மேடு பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது எனக்கு இரண்டு காதும் அடைத்திருந்தது, வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது. ஐந்து வருடமாக அந்த மலைப்பாதையின் எழுபது வளைவுகளிலும் ஏறி இறங்குகிறவள் நான். ஆனாலும் பாழாய்ப்போன வயிறு பழகவே மாட்டேன் என்கிறது. வழக்கமாக ஸ்பானர், திருப்புளி எல்லாம் போட்ட பையோடு வருவேன். அன்று கைப்பையில் இருந்தது இரண்டே பக்கம் காகிதம்தான். என் எதிர்காலமே அதில்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, கசங்காமல் இருக்கப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தேன்.

மலையடிவாரத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள் நான். மெக்கானிக்கல் படித்துவிட்டு, சாமை, தினைக்கெல்லாம் உமி நீக்கும் மிஷின் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். மிஷினை மாட்டிக் கொடுப்பதும், ரிப்பேர் என்றால் ஓடுவதும்தான் வேலை. பிடித்த வேலைதான். ஆனால், இந்தத் தானியத்தை யாருக்கு விற்பது, எப்படி விற்பது, ஒரு கம்பெனியை எப்படி நடத்துவது என்றெல்லாம் முடிவெடுக்கும் பக்கத்துக்குப் போக வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அதற்காக வேலையை விட்டுவிட்டு வெளிநாட்டில் முழு நேர எம்.பி.ஏ. படிக்கலாம் என்று கிளம்பினேன், முப்பத்தொரு வயதில். முதல் வருடம் விண்ணப்பித்த இடத்தில் இன்டர்வியூவுக்குக்கூடக் கூப்பிடவில்லை.

“இந்த ஒரு வருசந்தான் கண்ணு. அப்பறம் நாங்க சொல்றத நீ கேக்கோணும்” என்று அம்மா கெடு வைத்துவிட்டார். அவர் என்ன சொல்வார் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பேர் ஏற்கெனவே ஜாதகம் வாங்கிப் போயிருந்தார்கள்.

விண்ணப்பத்துக்கு இரண்டு சிபாரிசுக் கடிதங்கள் வேண்டும். ஒன்று மேலதிகாரியிடம், இன்னொன்று என் வேலையால் பயனடைந்த வாடிக்கையாளரிடம். அவர்களே எழுதி, அவர்களே கல்லூரிக்கு நேராக அனுப்ப வேண்டும், நான் பார்க்கக்கூடாது என்பது விதி. நம் ஊரில் இதெல்லாம் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? “நீயே எழுதிக் கொண்டு வாம்மா, அனுப்பிடறேன்” என்றார் என் மேனேஜர். எழுதினேன். எழுத எழுத எனக்கே என்மேல் மரியாதை கூடிப்போய்விட்டது. அந்தச் சூட்டோடு இரண்டாவது கடிதத்தையும் நானே எழுதி, தமிழில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் ஒரு பக்கம் என்று தயார் செய்து மலைக்கு எடுத்துப் போனேன்.

அந்த வாடிக்கையாளர், மலைமேல் அரியூர் நாடு என்கிற ஊர்க்கூட்டத்தில் சாமை விளைவிக்கும் பெண்கள் குழுவின் தலைவி. என்னைவிட இரண்டு வயது சின்னவர். பன்னிரண்டாவது வரை படித்தவர். மரவள்ளி, சாமை, கொஞ்சம் மிளகு என்று சொந்தக் காடு இருக்கிறது. நான் அவரைத் “தலைவரே” என்று கிண்டலாகக் கூப்பிடுவேன், அவர் என்னை “அக்கா” என்பார். அன்று சந்தை நாள். செம்மேட்டுக்கு வந்திருந்தவரை ஒரு டீக்கடையில் உட்கார வைத்துக் காகிதத்தை நீட்டினேன்.

நிறுத்தி நிதானமாகப் படித்தார். பாதியிலேயே சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. “ஏனுங்கக்கா, இந்தம்மாவ எனக்குத் தெரியாதுங்களே” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. “விளையாடாதீங்க தலைவரே. இத அப்படியே அனுப்புனாப் போதும்” என்றேன்.

“எனக்குத் தெரிஞ்சத நானே எழுதறனுங்க. தமிழ்ல எழுதி, இங்க பள்ளிக்கூடத்து டீச்சரம்மாகிட்ட இங்கிலீசுல மாத்திக்கறேன்” என்று காகிதத்தை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு, டீயை ஆற்ற ஆரம்பித்துவிட்டார்.

என்ன கெஞ்சியும் நடக்கவில்லை. கடைசித் தேதிக்கு இன்னும் நான்கே நாள். வேறு ஆளைப் பிடிக்கவும் முடியாது. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். இரண்டு நாள் கழித்து அவரே போன் செய்தார். அனுப்பிவிட்டாராம். “என்ன எழுதினீங்க?” என்றேன். “அத உங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு அதுலயே போட்டிருக்குதுங்கக்கா” என்றார். அடப்பாவமே, நாட்டிலேயே அந்த விதியை மதித்தவர் அவர் ஒருத்தராகத்தான் இருக்கும்!

இரண்டு வாரத்தில் இன்டர்வியூ வந்தது. வீட்டிலிருந்தே, வீடியோவில். அம்மா மிக்சியைக்கூட ஓடவிடாமல் சமையலறையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிரே கண்ணாடி போட்ட ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி, அந்தக் கல்லூரிப் பேராசிரியை. ஏன் எம்.பி.ஏ., ஏன் இந்தக் கல்லூரி, படித்த பிறகு என்ன என்று அவர் கேட்ட எல்லாவற்றுக்கும் நான் உருப்போட்டு வைத்த பதில் கடகடவென்று வந்தது. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் அவர் ஒரு காகிதத்தைப் புரட்டினார். “வேலையில் செய்த ஒரு தவறைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தோம். எல்லா வேலையையும் நீங்களே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வதுதான் உங்கள் தவறு என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் வாடிக்கையாளர் வேறொன்றை எழுதியிருக்கிறார். எட்டு மூட்டை தானியத்தைப் பற்றி” என்றார்.

போச்சு, எல்லாம் போச்சு. மலைக்காரி என் தலையில் மண்ணைப் போட்டுவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன். மரியாதையெல்லாம் அந்த நிமிடத்தில் பறந்துவிட்டது.

எட்டு மூட்டைக் கதை இதுதான். அதற்கு இரண்டு வருடம் முன்பு, அந்தக் குழுவுக்கு மிஷின் மாட்டிக் கொடுத்தது நான். மலைக்குக் கீழே விளைந்த சாமையைப் போட்டுப் பார்த்து வேகத்தை வைத்திருந்தேன். “எங்க சாமை பொடிசுங்க, இவ்வளவு வேகந் தாங்காதுங்க” என்று தலைவி சொன்னார். மிஷினைப் பற்றி எனக்குத் தெரியாததா என்று காதில் வாங்கவே இல்லை. நான் இறங்கிப் போன மறுநாள், அவர்கள் முதல் ஆர்டருக்காகப் போட்ட எட்டு மூட்டைச் சாமையும் நொய்யாக வந்து விழுந்தது. போனில் விவரம் கேட்ட நான் என்ன செய்தேன் தெரியுமா? சாமையை அளவுக்கு மீறிக் காயவைத்துவிட்டார்கள், தவறு குழுவினுடையது என்று அவர்களிடமும் சொல்லி, ரிப்போர்ட்டும் எழுதிவிட்டேன். படித்த பெண் சொன்னால் சரியாகத்தானே இருக்கும் என்று அவர்களும், வேகம் தாங்காது என்று சொன்ன தலைவியும்கூட, நம்பிவிட்டார்கள். பாறையில் சாமை காயப்போட்ட பெண்மணியை மற்றவர்கள் பிடித்து வாங்கு வாங்கு என்று வாங்க, அவர் குழுவுக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

ஒரு வாரம் கழித்து என் நோட்டைப் புரட்டும்போதுதான், வேகத்தை எவ்வளவு கூட்டி வைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்று கண்ணில் பட்டது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் மலையேறினேன். காயப்போட்ட அந்தப் பெண்மணியை வீட்டுக்குப் போய் அழைத்து வந்து, எல்லோர் முன்னாலும் நின்று, தப்பு என்னுடையது என்று சொன்னேன். ரிப்போர்ட்டை மாற்றி எழுதி மேனேஜரிடம் செமத்தியாகத் திட்டும் வாங்கினேன். பிறகு மூன்று நாள் அவர்களோடு உட்கார்ந்து, சலித்துச் சலித்து, உடையாத மணிகளைப் பிரித்தெடுத்தோம். நொய்யை அவரவர் வீட்டுக்குக் கஞ்சிக்கு எடுத்துப் போனார்கள். அதோடு அதை மறக்கத்தான் பார்த்தேன். விண்ணப்பத்தில் அதை எழுத நான் என்ன பைத்தியமா?

ஆனால் இப்போது அந்தப் பேராசிரியை காத்துக்கொண்டிருந்தார். உருப்போட்ட பதில் எதுவும் இல்லை. சொன்னேன், ஒன்று விடாமல். என் இங்கிலீஷ் உடைந்தது, மூக்கு ஒழுகியது, நடுவில் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டேன். “இதை ஏன் எழுதவில்லை?” என்றார். “வெட்கமாக இருந்தது” என்றேன். கொஞ்ச நேரம் ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு, சாமை காயப்போட்ட அந்தப் பெண் இப்போது என்ன செய்கிறார் என்று கேட்டார். இப்போது மிஷினை ஓட்டுவதே அவர்தான் என்றேன். நன்றி என்று சொல்லி முடித்துக்கொண்டார். நல்லதாகவோ கெட்டதாகவோ முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

எனக்குத் தலைவிமேல் வந்த கோபம் இருக்கிறதே! பொங்கலன்று அவர் இரண்டு முறை கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை. மறுநாளும் கூப்பிட்டார். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அம்மா பாவம், “போனாப் போகுது உடு சாமி” என்று தட்டில் இன்னொரு கரண்டி பொங்கல் வைத்தார். அந்தச் சமாதானம் எனக்கு அழுகையைத்தான் கிளப்பியது.

தை கடைசியில் ஒரு மத்தியானம் கல்லூரியிலிருந்து மெயில் வந்தது. இடம் கிடைத்துவிட்டது. அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் போட்ட கூச்சலில் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தவர்கள் பாம்பு வந்துவிட்டதோ என்று ஓடி வந்தார்கள். சந்தோஷம் கொஞ்சம் அடங்கியதும்தான் கவிழ்த்து வைத்த போன் ஞாபகத்துக்கு வந்தது. தலைவியைக் கூப்பிட வாய் வரவில்லை. மறுநாள் ஒரு கிலோ லட்டு வாங்கிக்கொண்டு நேரிலேயே போய்விட்டேன்.

மிஷின் ஷெட்டில் தலைவி மூட்டைக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சாக்கு ஊசியைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்து, “உடம்பு கிடம்பு சரியில்லைங்களாக்கா? போனே எடுக்கலியே, பயந்துட்டனுங்க” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கோபித்துக்கொண்டுதான் எடுக்கவில்லை என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. உண்மையைச் சொன்னேன். ஏன் போயும் போயும் அந்த எட்டு மூட்டையை எழுதினீர்கள், என் மானம் போகுமே என்று நினைக்கவில்லையா என்றும் கேட்டுவிட்டேன்.

அவர் நிஜமாகவே முழித்தார். “நல்லதத்தானுங்களே எழுதுனேன்?” என்றார். அப்புறம், “சேத்துக்கிட்டாங்கல்ல, இனிப் பாக்கலாங்க” என்று உள்ளே போய், மிஷினுக்குப் பின்னால் இருந்த நோட்டிலிருந்து ஒரு தாளை எடுத்து வந்து கொடுத்தார். டீச்சரம்மாவிடம் கொடுக்க அவர் கைப்பட எழுதியது. அரைப் பக்கம்தான்.

“இந்த அக்கா எங்களுக்கு மிஷின் மாட்டிக் கொடுத்தாங்க. நாங்க சொன்னதக் கேக்காம வேகத்தக் கூட்டி வச்சு, எட்டு மூட்டைச் சாமைய நொறுக்கிட்டாங்க. பழிய எங்க மேல போட்டாங்க. அப்பறம் அவங்களே மலையேறி வந்து, தப்பு என்னுதுன்னு எல்லாருக்கும் முன்னால சொன்னாங்க. அவங்க சொல்லாம இருந்திருந்தா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது. எங்க மலைக்கு எத்தனையோ படிச்சவங்க வாராங்க, போறாங்க. எங்ககிட்ட வந்து தப்புன்னு சொன்னவங்க இவங்க ஒருத்தருதான். இவங்க பெரிய வேலைக்குப் போனா, இவங்களுக்குக் கீழ வேலை செய்யறவங்க நல்லா இருப்பாங்க.”

நின்ற இடத்திலேயே அழுதேன். நான் மூடி மூடி வைத்த ஒன்றைத்தான் அவர் எனக்கு இருக்கிற ஒரே பெருமையாக இத்தனை நாளும் மனதில் வைத்திருந்திருக்கிறார். மிஷின் ஓட்டிக்கொண்டிருந்த அந்தப் பெண்மணி, சுவிட்சை நிறுத்திவிட்டு வந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “லட்டப் பிரிங்க மொதல்ல” என்றார். பிரித்தோம், சாப்பிட்டோம்.

படிப்பை முடித்துவிட்டேன். இப்போது ஒரு உணவுக் கம்பெனியில் எனக்குக் கீழே நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். தப்பு செய்வது ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஒவ்வொரு முறையும் முதலில் மறைக்கத்தான் மனசு ஓடுகிறது. அப்புறம், இவள் வந்து சொல்லிவிடுவாள் என்று நம்பி ஒருத்தி எனக்காகக் கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறாளே என்று நினைத்துக்கொள்வேன். எழுந்து போய்ச் சொல்லிவிடுவேன்.