வெட்டிப் போட்ட குரல்கள்

ஆம்பூர் பஜாருக்குப் பின்னால் இருக்கிற சந்துகளில் தேவகிருபையின் ஆட்டோ வந்து நிற்கிற சத்தம் எல்லா வீட்டுக்கும் தெரியும். ஆட்டோ அவளுடையது இல்லை, ஷூ கம்பெனியுடையது. பின்னால் மூட்டை மூட்டையாக அப்பர் இருக்கும். அப்பர் என்றால் இன்னும் அடிப்பாகம் ஒட்டாத ஷூ, மேல்தோல் மட்டும். அதன் மூக்கைச் சுற்றிச் சின்னச் சின்னச் சுருக்கம் வைத்துக் கையால் தைக்க வேண்டும். அந்த வேலை மெஷினுக்கு வராது. வீட்டிலிருக்கிற பெண்கள்தான் சோறு வெந்துகொண்டிருக்கும்போதே மடியில் வைத்துத் தைத்துக் கொடுப்பார்கள். கொடுப்பதும் வாங்குவதும் பிசகினால் திருத்துவதும் தேவகிருபையின் வேலை.

அவள் துத்திப்பட்டில் பிறந்தவள். அப்பா தோல் பதனிடுகிற ஷாப்பில் டிரம் ஓட்டியவர். அவளுக்கு அஞ்சாம் வகுப்போடு படிப்பு நின்றது. பசை தடவுகிற டேபிளில் சேர்ந்து, தையலுக்கு வந்து, கடைசியில் வீட்டுத் தையலுக்குப் பொறுப்பானாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் இருந்ததில்லை. எந்த மூட்டையைப் பிரித்தாலும் வாய்க்குள் ஒரு சின்ன ஜெபம் சொல்லிவிட்டுத்தான் பிரிப்பாள்.

ஊரடங்கு வந்தபோது புது டிசைனைச் சொல்லிக்கொடுக்க வீடு வீடாகப் போக முடியவில்லை. கம்பெனி அவள் கையில் ஒரு டேப்லெட்டைக் கொடுத்தது. ஆபீஸ்காரர்கள் வைத்திருக்கிற சாஃப்ட்வேரிலேயே ‘வீட்டுத் தையல்’ என்று ஒரு குரூப் திறந்து, அவளை அதற்கு ஓனர் ஆக்கினார்கள்.

“சார், எனக்கு இதெல்லாம் வராது” என்றாள்.

கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட் அன்பரசன் சிரித்தார். “மைக் படத்த அழுத்திப் பேசுங்க, விட்டா போயிடும். சபையில சாட்சி சொல்ல மைக் புடிக்கிறீங்க இல்ல? அதேதான்க்கா.”

அப்படித்தான் ஆரம்பித்தது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்களும் அதில் பேசினார்கள். “தேவாக்கா, நூல் தீந்துபோச்சு.” “மூக்குகிட்ட சுருக்கம் ஜாஸ்தியா வருது, இன்னா பண்றது?” பதில் சொல்ல அவள் அஃப்ஸர் ஜஹான் வீட்டுக்குத்தான் போய், தைப்பதை வீடியோ எடுத்துக் குரூப்பில் போடுவாள். அந்தச் சந்துகளில் அஃப்ஸர் ஜஹானுடைய தையல் போல யாருக்கும் விழாது. தேவகிருபை அவளை ஆபா என்று கூப்பிடுவாள். ஆபா என்றால் அவர்கள் உருதுப் பேச்சில் அக்கா.

ஆபாவிடம் ஒரு கண்டிப்பு உண்டு. முகத்தைப் படம் பிடிக்கக் கூடாது. “கைய எடு, குரல எடு. மூஞ்சி அல்லா பாத்தா போதும்.” ஆகையால் வீடியோ முழுக்க இரண்டு கைகளும் ஒரு குரலும்தான். பாயின்மேல் அப்பர், மெழுகு தடவிய நூல், இரண்டு ஊசி. “இங்க பாரு, இழுக்காத, கூப்புடு. தோலு தானா வரும்.” அதைப் பார்த்துத்தான் மூன்று வருஷம் எல்லாரும் தைத்தார்கள்.

கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. சீசன் முடிந்தால் மிச்சமிருக்கிற சாம்பிள்களைக் கத்தியால் கீறிப் போட்டுவிடுவார்கள். புத்தம் புதுசாக இருக்கும், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கும், ஆனாலும் கீறித்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் டிசைன் வெளியே போய்விடும் என்று வெளிநாட்டுக்காரன் கோபிப்பான். முதல் தடவை கீறியபோது தேவகிருபைக்கு அழுகை வந்தது. அப்புறம் பழகிவிட்டது.

போன மார்ச்சில் மேனேஜர் வேதாசலம் கூப்பிட்டார். “புது சீசனுக்குப் புது குரூப் போட்டாச்சும்மா. பழச க்ளோஸ் பண்ணிடு.”

அவர் சொன்னது பழைய குரூப்பில் பேசுவதை நிறுத்தச் சொல்லி. அவளுக்கு க்ளோஸ் என்றால் ஒன்றுதான் தெரியும். சாம்பிள் ரூமில் கத்தியை எடுப்பது போல டேப்லெட்டை எடுத்தாள். குரூப்பை அழிக்கட்டுமா என்று அது கேட்டது. அழுத்தினாள். நிச்சயமாகவா என்று மறுபடி கேட்டது. கடமையைச் செய்கிறவளுக்கு என்ன சந்தேகம்? அதையும் அழுத்திவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனாள்.

ரம்ஜான் முடிந்து கொஞ்ச நாளில் ஆபா போய்ச் சேர்ந்தாள். காலையில் தைத்துக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாயிலேயே சாய்ந்துவிட்டாள். ஒரே மகன் தானிஷ் மஸ்கட்டில் இருந்தான். அவன் வருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

பிறகு லீவு கிடைத்து வந்தவன், தேவகிருபையின் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தான். முப்பது வயசு ஆள், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சின்னப் பையன் மாதிரி நின்றான். அவள் டீ போட்டுக் கொடுத்தாள். அம்மாவை அவன் அம்மி என்றுதான் சொல்வான்.

“ஆன்ட்டி, அம்மிக்கு ஒரு போட்டோ கிடையாது. ஆதார்ல இருக்கிறதப் பாத்தா யாரோ மாதிரி இருக்கு. பட்டன் போன்தான் வச்சிருந்தாங்க, பேசுனது பேசுனதோட போச்சு. உங்க கம்பெனி குரூப்ல அம்மி குரல் இருக்குதுன்னு சொன்னாங்க. ஒண்ணே ஒண்ணு குடுத்தா போதும்.”

தேவகிருபை தன் டம்ளரைக் கீழே வைத்தாள். பொய் சொல்ல அவளுக்கு வராது.

“இருந்துச்சுப்பா. நான்தான் வெட்டிப் போட்டுட்டேன்.”

தானிஷ் டீயைக் குடித்து முடித்தான். “பரவால்ல ஆன்ட்டி. தெரிஞ்சா செஞ்சீங்க?” என்றான். டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனான். அவன் திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலை போல இருந்தது.

மறுநாள் காலை அன்பரசன் வருவதற்கு முன்னாலேயே அவருடைய கண்ணாடி ரூம் வாசலில் நின்றாள். நடந்ததையெல்லாம் சொன்னாள்.

“எப்ப அழிச்சீங்க?”

“நோன்புக்கு முன்னாடி சார்.”

அவர் உதட்டைப் பிதுக்கினார். “அழிச்சா ஒரு மாசம் சாஃப்ட்வேர்காரங்க குப்பைக்கூடையில வச்சிருப்பாங்க. அதுக்குள்ள சொன்னா நானே எடுத்துத் தந்துருப்பேன். இப்ப அது காலி.”

“அப்ப அவ்ளோதானா சார்?”

“இருங்க, பேஜார் ஆகாதீங்க.” நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “நம்ம கம்பெனி வேற ஒருத்தனுக்குப் பணம் கட்டி பேக்கப் எடுக்குது. தினம் ராத்திரி நம்ம எல்லார் குரூப்பையும் ஒரு நகல் எடுத்து அவன் இடத்துல வைப்பான். ஆனா எந்தெந்த குரூப்புன்னு நான் டிக் பண்ணிருக்கணும். அக்கவுன்ட்ஸ், ஷிப்மென்ட்டு, அதெல்லாம் கண்டிப்பா இருக்கும். வீட்டுத் தையல் போட்டேனான்னு…”

தேவகிருபைக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மவுஸ் சத்தம் மட்டும் கேட்டது. திடீரென்று அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

“அக்கா, ஒண்ணொண்ணா டிக் பண்ணச் சோம்பேறித்தனப்பட்டு ‘எல்லாம்’னு போட்டிருக்கேன். உங்க குரூப் இருக்கு!”

“எங்க சார் இருக்கு?”

“மும்பையோ சிங்கப்பூரோ, எனக்கே தெரியாது.”

அவளுக்குப் புல்லரித்தது. ஆம்பூர் சந்தில், பாய்மேல் உட்கார்ந்து, நூல் தீர்ந்துபோச்சு என்று ஒருத்தி சொன்னதை, யாரும் கேட்காமலே ராத்திரி ராத்திரியாக ஒருவன் எடுத்துக்கொண்டு போய்ப் பத்திரமாக வைத்திருக்கிறான். அவர்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போது! அவள் வெட்டியது இங்கே இருந்ததைத்தான். அங்கே கத்தி போகவில்லை.

ஆனால் வேதாசலம் ஒத்துக்கொள்ளவில்லை. “கீறிப் போட்ட சாம்பிள யாராவது ஒட்டுவாங்களாம்மா? பழைய டிசைன் எல்லாம் அதுல இருக்கு. ஆடிட்ல கேட்டா யார் பதில் சொல்றது?”

“சார், அந்த ஷூவ வாங்குனவன் போட்டு நடந்து தேச்சே இருப்பான்” என்றாள் தேவகிருபை. அவரிடம் அவள் அப்படிப் பேசியதே இல்லை. பேசிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். “ஒரு புள்ள தாயோட குரல் கேக்குது சார்.”

வேதாசலம் பேனாவை மூடினார், திறந்தார். “தனி குரூப்பா எடுங்க. அன்பரசனும் நீயும் மட்டும் இருங்க. அந்தம்மாவோடத எடுத்துக் குடுத்துட்டு சாயந்திரத்துக்குள்ள மூடிடணும்.”

நகலைத் திரும்ப எடுக்க ரீஸ்டோர் போடும்போது எந்தத் தேதி என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆபா எந்தெந்த நாளில் பேசினாள் என்று யாருக்குத் தெரியும்? “எதுக்கு வம்பு, எல்லா நாளையும் எடுப்போம்” என்று அன்பரசன் அழுத்தினார். ஒரு நீலக் கோடு நத்தை மாதிரி ஊர்ந்தது. நேரமாகும், போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்றார். அவள் சாப்பாடு வாங்கவில்லை. கேன்டீன் மூலையில் கண்ணை மூடினாள். கம்ப்யூட்டரில் இருக்கிறதற்காகக் கர்த்தரிடம் கேட்கலாமா கூடாதா என்று ஒரு கூச்சம். கேட்டுவிட்டாள்.

தானிஷுக்கும் போன் செய்து வரச் சொன்னாள். அவன் வந்து உட்கார்ந்தபோது கோடு நிறைந்திருந்தது. குரூப் திறந்தது. பார்த்ததும் மூன்று பேரும் திகைத்தார்கள். ஆயிரக்கணக்கான பேச்சு வந்து விழுந்திருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலே ஒரே பெயர். அன்பரசன், அன்பரசன், அன்பரசன்.

“எடுத்துப் போட்டவன் நான்தானே, அதான் என் பேர்ல வருது. யார் பேசுனதுன்னு உள்ள சின்னதா இருக்கும்” என்று சொல்லிக்கொண்டே ஒன்றை அழுத்தினார். “தேவாக்கா, எம் பொண்ணு வயசுக்கு வந்துட்டா, ரெண்டு நாளு வேல எடுக்கமாட்டேன்” என்றது ஒரு குரல், அன்பரசன் பெயரில்.

“வாழ்த்துகள் சார்” என்றான் தானிஷ். அன்பரசனுக்கே சிரிப்பு தாங்கவில்லை.

தேவகிருபை சிரித்தாள், உடனே கண்ணைத் துடைத்தாள். அவள் மறந்தே போன பேச்செல்லாம் வரிசையாக இருந்தது. மழையைப் பற்றிப் பேசியது, கரண்ட் போனதைப் பற்றிப் பேசியது, ஒருத்தி குழந்தை பெற்றதும் மற்றவர்கள் கேட்ட கேள்வியும் இருந்தது. உயிரோடு இருக்கிறவர்களும் இல்லாதவர்களும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். ஒரு பேச்சுகூடத் தரையில் விழவில்லை.

பிறகு ஆபாவின் கைகள் வந்தன. இரண்டு ஊசியும் குறுக்கே போய்க் குறுக்கே வந்தன. “இழுக்காத, கூப்புடு.”

தானிஷ் அசையாமல் பார்த்தான். இரண்டு, மூன்று வீடியோ ஓடியது. “அம்மிதான்” என்றான். குரலில் ஒரு குறை இருந்தது. “ஆனா இது உங்களுக்கெல்லாம் சொல்லிக்குடுக்கிற அம்மி. வீட்ல இவ்ளோ பொறுமையா பேசமாட்டாங்க ஆன்ட்டி.”

அன்பரசன் கீழே தள்ளிக்கொண்டே போனார். ஒரு வீடியோவைப் பார்த்ததும் தேவகிருபை, “சார், இது இங்க இருக்காதே” என்றாள்.

அது அவளே தூக்கிப் போட்டது. ஆபா தைக்கும்போது பாதியில் எழுந்து போய்விட்டாள், வேறு படம் பிடிக்க வேண்டியிருந்தது. ஒரு சாயந்திரம் குரூப்பில் போட்டதை மறுநாள் காலையில் முதல் வேலையாகத் தேவகிருபை அழித்துவிட்டாள். குரூப்பை வெட்டுவதற்கு ரொம்ப முன்னால்.

அன்பரசன் தேதியைப் பார்த்தார். “சாயந்திரம் போட்டிருக்கீங்க, காலையில எடுத்திருக்கீங்க. நடுவுல ஒரு ராத்திரி இருந்துச்சு இல்லக்கா? அந்த ராத்திரி நகல் எடுத்துட்டான்.”

கழிவென்று தேவகிருபை தள்ளியதையும் ஒருவர் பொறுக்கி வைத்திருக்கிறார். மனுஷன் செய்த மெஷினே இப்படி என்றால் என்று நினைத்தாள், அதற்குமேல் நினைக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. “போடுங்க சார்” என்றாள்.

கைகள், ஊசி, நூல். இரண்டு தையல் போட்டதும் வெளியே ஒரு சைக்கிள் மணி. அப்பர் பாயில் விழுந்தது, கைகள் காணோம். வெறும் பாய். வளையல் சத்தம் தூரமாகப் போனது. அப்புறம் ஒரு குரல், சந்தே அதிருகிற மாதிரி.

“யோவ்! தக்காளி இன்னா தங்கமா? ஒரு கட்டு கொத்தமல்லி சும்மா போடு. போடமாட்டியா? அப்ப இந்தச் சந்துல உன் சைக்கிள் வந்துடுமா? நான் செத்தா என் மய்யத்துகூட உன்கிட்ட வாங்காது!”

தானிஷ் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். தோள் குலுங்கியது. சிரிக்கிறானா அழுகிறானா என்று தேவகிருபைக்குத் தெரியவில்லை. காய்காரன் ஏதோ முனகினான். ஆபா உருதுவில் இரண்டு வார்த்தை கொடுத்தாள். அன்பரசன் நிறுத்தப் போனார். தானிஷ் அவர் கையைத் தடுத்தான். திரையில் இன்னும் அதே வெறும் பாய்தான். மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகம் இருந்திருந்தால்கூட அப்படிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

வளையல் சத்தம் திரும்பி வந்தது. பாயின் ஓரத்தில் ஒரு கை, அதில் தண்ணீர் சொட்டுகிற கொத்தமல்லிக் கட்டு ஒன்று. கீழே வைத்துவிட்டு ஊசியை எடுத்தது.

“குடுத்துட்டான் ஆன்ட்டி” என்றான் தானிஷ், கண்ணீரைத் துடைக்காமல். “பாருங்க, கடைசில குடுத்துட்டான்.”